வில்சனுக்கு அடித்த மணி

அந்தக் கார்த்திகையில் வெள்ளோடைப்பட்டிக்கு வானத்திலிருந்து இறங்கிய மழையைவிடச் செல்போனுக்குள் இறங்கிய மழைதான் அதிகம். விடிந்தால் மஞ்சள் எச்சரிக்கை, மத்தியானம் ஆரஞ்சு, பொழுது சாய்ந்தால் சிவப்பு. ஊராட்சியின் வாட்ஸ்அப் குழுவில் கிளார்க் சந்தனம் ஒன்று விடாமல் போட்டுவிடுவார். ஓடையில் இறங்க வேண்டாம், மின்கம்பத்தைத் தொட வேண்டாம், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும், சிரட்டையில் மழைநீர் தேங்கினால் கவிழ்த்து வைக்கவும். அதே சங்கதிகளை ஒரு ஆட்டோ ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்து தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போகும். 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று அதில் பேசும் பெண்குரல் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். சிவப்பு என்று சொன்ன நாளில் வெயில் பல்லைக் காட்டும். ஒன்றும் சொல்லாத நாளில் மலையிலிருந்து கருக்கிக்கொண்டு வந்து ஊற்றும். நாலு தடவை இப்படி ஏமாந்த பிறகு ஜனங்கள் அந்தக் குரலைக் காதில் வாங்கிக்கொண்டே தங்கள் வேலையைப் பார்த்தார்கள். சொல்பவர்களையும் குறை சொல்ல முடியாது. மலையடிவாரத்து மழை யார் சொல்லைக் கேட்டிருக்கிறது?

வத்திராயிருப்புக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு. மேற்கே மாந்தோப்பு, அதற்கப்பால் மலை. இந்த மூன்று தெருவுக்கும் தண்ணீர் விடுகிற டேங்க் ஆபரேட்டர் வில்சன். பேர்தான் பெரிசு, வேலை தற்காலிகம். ஓடைக்கரைக் கிணற்றில் மோட்டாரைப் போட்டு டேங்கை நிரப்ப வேண்டும், தெருவுக்குத் தெரு முறை வைத்து வால்வைத் திறக்க வேண்டும், பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் அவரை யாரும் நினைப்பதில்லை. வராவிட்டால் அவருடைய பரம்பரையையே நினைத்துவிடுவார்கள்.

ஐப்பசி அடைமழையில் டேங்கில் மருந்து கலக்க ஏறியவர், இறங்கும்போது ஏணியில் பாசி வழுக்கி விழுந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் அவர் மனைவி ஏசம்மாள் வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். இடுப்பு உயர இரும்புச் சாவி அது. குழிக்குள் இறக்கித் திருகினால் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும். முதல் வாரம் கை கொப்பளித்தது. இரண்டாவது வாரம் எந்த வால்வு எத்தனை சுற்றில் முறுக்கும் என்பது கைக்குப் பழகிவிட்டது. சண்டைக்கு வந்தவர்களுக்குப் பதில் சொல்லவும் பழகிவிட்டது. எழுத்தில் வேலை வில்சனுடையது, செய்வது அவள். கிளார்க் சந்தனம் இதைக் கண்டும் காணாததுமாக இருந்தார்.

வார்டு மெம்பர் பாண்டிதுரைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த தன் அக்கா மகன் வினோத்துக்கு அந்தச் சாவி வந்தால் நல்லது என்று அவர் நினைத்தார். அதில் தப்பொன்றும் இல்லை, தாய்மாமன் நினைக்காமல் வேறு யார் நினைப்பது? ஏசம்மாளிடம் நேராகவே சொல்லிவிட்டார். ஆள் மாறி வேலை பார்ப்பது சட்டப்படி தப்பு என்றும், தான் பொறுத்துக்கொண்டிருப்பதாகவும், ஒரு புகார் வந்தால்கூடத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். அந்த வேலை போனால் வீட்டில் வேறு வருமானம் இல்லை. மகள் வின்சி ராஜபாளையத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் ஏசம்மாள் அந்த மாதம் முழுக்க ஒரு புகார் வரவிடாமல் ஓடி ஓடித் தண்ணீர் விட்டாள்.

அந்த வியாழக்கிழமைக்கு முந்தின ராத்திரி முழுக்க மழை. கரண்ட் போய்விட்டது, டவரும் போய்விட்டது. சேவல் கூவுகிற நேரத்தில் கரண்ட் வந்ததும் ஏசம்மாள் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடினாள். எப்போது வேண்டுமானாலும் கரண்ட் மறுபடி போய்விடும். இருட்டில் மோட்டார் ரூமைத் திறந்து ஸ்டார்ட்டரை அமுக்கினாள். ஓடை இரைச்சலில் மோட்டார் சத்தமே கேட்கவில்லை. டேங்க் பாதி நிறைந்ததும் முறை பார்க்காமல் மூன்று தெருவுக்கும் ஒன்றாகவே திறந்துவிட்டாள். பிடித்தவர்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்று.

நடுத்தெருக் குழாயடியில் காளீஸ்வரி நின்றாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குப் போகிறவள். வேன் வருவதற்குள் சோறாக்கி இரண்டு பிள்ளைகளையும் எழுப்ப வேண்டும்.

"என்னக்கா, தண்ணியில மருந்து வாடை அடிக்கி?" என்று கேட்டாள்.

"பிளீச்சிங்தான். காய்ச்சல் பரவுதுன்னு கூடப் போடச் சொல்லியிருக்காக. செத்த நேரம் திறந்து வையி, போயிரும்."

சொல்லிவிட்டு ஏசம்மாள் மோட்டாரை நிறுத்தப் போனாள். அவள் போவதற்குள் கரண்டே நிறுத்திவிட்டது. ரூமைப் பூட்டும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. பூட்டிவிட்டுத் திரும்பியவள் அப்போதுதான் கிணற்றைப் பார்த்தாள்.

கிணற்றின் மேற்குப் பக்கம் மாந்தோப்புக்காரரின் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. சுவர் இடிந்து, கைப்பிடிச் சுவரையும் தள்ளிக்கொண்டு கிணற்றுக்குள் கிடந்தது. மார்கழியில் மாம்பூவுக்கு அடிப்பதற்காக வாங்கி வைத்திருந்த மருந்துக் கேன்கள் உடைந்து மிதந்தன. தண்ணீரின் மேல் பால் ஊற்றியதுபோல ஒரு படலம். கொசுப்புழுவைத் தின்பதற்காகச் சுகாதாரத்துறை ஆட்கள் கொண்டுவந்து விட்டிருந்த பொடிமீன்கள் அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியிருந்தன. அந்த வாடைதான் காளீஸ்வரி சொன்ன வாடை.

ஏசம்மாள் டேங்கைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தண்ணீரைத்தான் ஏற்றியிருக்கிறாள். ஏற்றி, திறந்துவிட்டு, பிளீச்சிங் என்று வாயாலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு புகாருக்குப் பயந்து ஒரு மாதமாக ஓடியவள், ஊருக்கே விஷம் வைத்துவிட்டு நிற்கிறாள். சொன்னால் வேலை போகும். இருட்டில் கிணற்றடியில் யாரும் அவளைப் பார்க்கவில்லை, சுவர் அப்புறம் விழுந்தது என்று சொல்லிவிட்டால் கேட்பாரில்லை. இப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை, வந்தது. ஆனால் அது வந்து முடியும்போது அவள் டேங்கடியில் வால்வை மூடிக்கொண்டிருந்தாள்.

வால்வை மூடி என்ன செய்ய? தண்ணீர் வீட்டுக்குள் போய்விட்டது. காளீஸ்வரி வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஏசம்மாள் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள். தண்ணீரைக் கொட்டு, சோற்றைக் கொட்டு என்றாள்.

"காய்ச்சத்தானக்கா செய்யுதேன்?"

"காய்ச்சினாப் போற விசமில்ல, காளி. பூச்சி மருந்து. எம்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரிச் சொல்லுதேன், கொட்டு."

காளீஸ்வரி அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்க் குடத்தைக் கவிழ்த்தாள். ஆனால் ஒரு வீட்டுக்கே இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. அடுத்த வீடு கருத்தம்மாளுடையது. தெருவில் நல்லது கெட்டதற்கு முறை சொல்கிற மனுஷி அவள். முந்தாநாள் ரெட் அலர்ட் என்றார்கள், வெயில் மண்டையைப் பிளந்தது, இன்றைக்கு நீ கிளம்பிவிட்டாயா என்று கேட்டாள். மழையில் நனைந்து நிறைத்த அண்டாவை ஒருத்தி பேச்சைக் கேட்டுக் கொட்டிவிட்டு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்றாள். மழைத் தண்ணி கலங்கத்தான் செய்யும் என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டில் 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று அந்தக் குரலிலேயே பேசிக்காட்டிச் சிரித்தார்கள்.

பாண்டிதுரை வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஏசம்மாள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. ஆனாலும் அவர் மெம்பர், மெம்பர் மாதிரிதான் பேசுவார்.

"கத்தாதம்மா. சந்தனம் வரட்டும், போய்ப் பாத்துட்டு, கரண்டு வந்ததும் மைக்குல முறைப்படி சொல்லுவோம். ஊரே பீதியாயிரும். நெசமாவே இருந்தா ஒன் வேலைக்குத்தான் ஆபத்து, அதையும் யோசி."

"காப்பியக் கீழ ஊத்துங்க, மெம்பரே," என்றாள் ஏசம்மாள்.

அவர் ஊற்றவில்லை. அவள் தெருவின் நடுவில் நின்றாள். ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எதிர் வீட்டில் இன்னொன்று. ஓட்டு முகட்டில் விறகுப் புகை எழும்பியது. மூன்று தெரு. வீட்டுக்கு வீடு நின்று விளக்கினால் கடைசி வீட்டுக்குப் போவதற்குள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் போட டவர் இல்லை, இருந்தாலும் படிக்க ஆளில்லை.

அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. சாவு விழுந்தால் மூன்று தெருவிலும் பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். உலையை இறக்கி வெளியே சாய்த்துவிடுவார்கள். பிணம் எடுக்கும்வரை யார் வீட்டிலும் அடுப்புப் பற்றாது. சாவுக் காற்றுப் பட்ட தண்ணீர் ஆகாது என்பது கணக்கு. நடுத்தெரு வேதக்காரர்கள் மூன்று தலைமுறைக்கு முன்பே சாமியை ஏசுவாக மாற்றிக்கொண்டார்கள். தண்ணீர் கொட்டுவதை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்களுடைய சர்ச்சில் ஆராதனை நடத்துகிற உபதேசியார் அலெக்ஸ், இது அஞ்ஞானம் என்று பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். துக்க மணி கேட்டதும் முதல் குடத்தைக் கவிழ்க்கிறவள் அவருடைய சம்சாரம்தான்.

ஏசம்மாள் அந்த வேதக்கோவிலுக்கு ஓடினாள். வால்வுச் சாவியைப் படியில் போட்டுவிட்டு மணிக்கயிற்றைப் பிடித்தாள். ஆராதனைக்கு அடிக்கிற மணி ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும். சாவுக்கு அப்படியில்லை. ஒன்று அடித்து, அது முழுக்க அடங்கிய பிறகுதான் இன்னொன்று. அவள் முதல் மணியை அடித்தாள். அது மாந்தோப்பு வரைக்கும் போய் அடங்கியது. இரண்டாவது அடித்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து உபதேசியார் வேட்டியை இறுக்கிக்கொண்டே ஓடிவந்தார்.

"யாரும்மா? யாரு போனது?"

பேர் வேண்டும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. பிணம் இல்லாமல் மணி உண்டா? படுக்கையில் கிடக்கிற கிழவர்கள் இரண்டு மூன்று பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், கேட்டுப் பதறுவார்கள். அடுத்தவர் வீட்டில் சாவைக் கொண்டுபோய் வைக்க அவள் யார்?

"எங்க வீட்டுல அவிய," என்றாள்.

உபதேசியார் கையெடுத்து ஜெபம் பண்ண ஆரம்பித்தார். அவள் கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

"ஜெபம் பொறவு பண்ணலாம் ஐயா. மணிய நிறுத்திராதிய. அடிங்க."

தெருவில் கதவுகள் திறந்தன. யாருக்காம், வில்சனுக்காம் என்று பேர் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குத் தாவிப் போனது. நேற்றுக்கூடப் பேசினாரே என்றார்கள். காலில்தானே அடி, உள்காயம் இருந்திருக்கும் என்று சிலர் அதற்குள் காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். பேசிக்கொண்டே குடங்களைக் கவிழ்த்தார்கள். அண்டாக்களைச் சாய்த்தார்கள். வெந்தும் வேகாத சோறு கஞ்சியோடு வாய்க்காலில் போனது.

ஏசம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. புருஷன் செத்தவள் தெருத்தெருவாக, வீடு வீடாகப் போனாள். எதிரே வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்கள் தோளுக்கு மேலே எட்டி, உள்ளே குடம் கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்த்தாள். "ஏக்கா, அந்தப் பானையையும் கொட்டிருங்க," என்றாள். "அந்த வாட்டர் பாட்டிலு?" என்றாள். பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே அவள் கேட்டதையெல்லாம் கொட்டினார்கள். கருத்தம்மாள் தன் அண்டாவைத் தானே காலால் எத்திவிட்டாள். கீழத்தெருக் கடைசி வீட்டில் கடைசிக் குடம் கவிழ்ந்த பிறகுதான் ஏசம்மாள் நின்றாள்.

டேங்குக்குப் பின்னால் தனியாக இருந்தது வில்சன் வீடு. அவரும் மணியைக் கேட்டார். கேட்பதற்கு ஆளில்லை, விந்தி விந்தி எழுந்து, பழக்கம் விடுமா, வீட்டுக் குடத்தை வாசலுக்கு இழுத்துவந்து சாய்த்தார். அந்த நேரம் பார்த்து, ஆகவேண்டிய காரியத்தைப் பார்க்க மாமனால் அனுப்பப்பட்ட வினோத் பந்தல்கம்போடு வந்து நின்றான்.

"ஏலே வினோத்து, யாருல செத்தது?" என்று கேட்டார் வில்சன்.

வினோத் கம்பைப் போட்டுவிட்டு வந்த வழியே ஓடினான்.

அவன் போய்ச் சொல்வதற்குள் ஊர் வந்துவிட்டது. கருத்தம்மாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, எங்கள் வாய்க்குத் தண்ணீர் கொடுத்த ராசாவே என்று மாரில் அடித்தபடி முன்னால் வந்தாள். அந்த ராசாவை அவள் போன வாரம் என்ன பேசினாள் என்பதை இங்கே எழுத முடியாது. வாசலில் ஒற்றைக் காலில் நின்றவரைப் பார்த்ததும் ஒப்பாரி பாதியில் நின்றது.

பின்னாலிருந்து ஏசம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கிணற்றில் கண்டதைச் சொன்னாள். தான்தான் ஏற்றியது, தான்தான் பிளீச்சிங் என்று சொன்னது, இரண்டையும் மறைக்கவில்லை.

ஜனங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. சுமங்கலி வாயால் இப்படிச் சொல்லலாமா என்றார்கள். கோவில் மணியில் விளையாடலாமா என்றார்கள். கருத்தம்மாள் முடியை அள்ளிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏட்டி, வாயத் தொறந்து சொல்லியிருந்தா நாங்க கொட்ட மாட்டமா?"

"ஒங்க வாசல்ல நின்னுதான மதினி சொன்னேன்? எம்புட்டு நேரம் சொன்னேன்? கேட்டீகளா? இந்த மணிக்குத்தான கொட்டுனீக."

பாண்டிதுரை கருத்தம்மாளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். பொய்ச் சாவு சொல்லி ஊரை ஏமாற்றியது போலீஸ் கேஸ் என்றார். சுடுகாட்டுக்குக் குழி வெட்ட ஆள் அனுப்பியாகிவிட்டது, அதற்கு யார் பதில் சொல்வது என்றார். சாவியை இப்போதே கொடு என்று கையை நீட்டினார். நீட்டிய கை நடுங்கியது. நெற்றி முழுக்க வேர்த்திருந்தது, அந்தக் குளிரில். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

அதற்குப் பிறகு யாரும் ஏசம்மாளைத் திட்டவில்லை. வினோத்தான் பைக்கில் மெயின் ரோடு வரைக்கும் போய், டவர் கிடைத்த இடத்தில் நின்று 108-ஐக் கூப்பிட்டான். மணிக்கு முன்பே காப்பி குடித்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். எல்லாரையும் வண்டியில் ஏற்றினார்கள். குடித்தது கொஞ்சம், கொண்டுவந்தது சீக்கிரம், சோறு பொங்கித் தின்றிருந்தால் கதை வேறு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட ஒன்றும் இல்லை. ஒரு உயிரும் போகவில்லை.

மிச்சப் பேர் கிணற்றைப் பார்க்கப் போனார்கள். கருத்தம்மாள் வெகுநேரம் அந்த மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வழக்கம்போல முறை சொல்ல ஆரம்பித்தாள். வெட்டிய குழியை வெறுமனே மூடினால் அது வேறு ஆளைத் தேடும். சாவென்று தண்ணீரைக் கொட்டியபின் ஒரு பிணம் எடுக்காமல் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றக்கூடாது. ஆகவே மீனை அள்ளுங்கள் என்றாள். இளவட்டங்கள் கையில் பாலிதீன் உறையைக் கட்டிக்கொண்டு வலையால் மீன்களை அரித்து எடுத்தார்கள். வில்சனுக்கு வெட்டிய குழியில் அந்தப் பொடிமீன்கள் போய்ப் படுத்தன. உபதேசியார் தூரத்தில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் சந்தனம் லாரித் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஊர் தூங்கவில்லை. மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது, வாடைக்காற்று எலும்பைத் துளைத்தது. டீசல் இன்ஜினை வாடகைக்குப் பிடித்து, சுகாதாரத்துறை காட்டிய பள்ளத்தில் கிணற்றை இறைத்து ஊற்றினார்கள். ஊற ஊற இறைத்தார்கள். டேங்கைக் கழுவினார்கள், பைப் லைனைக் கழுவினார்கள். தறிக்குப் போகிறவர்கள் வந்து ஒரு முறைக்கு நின்றார்கள், தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் அடுத்த முறைக்கு நின்றார்கள். ஏசம்மாள் எல்லா முறைக்கும் நின்றாள். காளீஸ்வரி சுக்குக் காப்பி போட்டுத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள், லாரித் தண்ணீரில் போட்டதுதான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே ஊற்றுவாள்.

வில்சன் இரண்டு நாளாக மனைவியிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் அவருக்குக் கஞ்சி ஊற்றி வைக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எம்பேருதானா கெடச்சுது ஒனக்கு?"

"வேற யாரு பேரச் சொல்லட்டும்? சொன்னா, அந்த வீட்டுல என்னைய மன்னிப்பாகளா? நீங்கன்னா மன்னிப்பீகன்னு நெனச்சேன்."

அவர் கஞ்சியைக் குடித்தார். பிறகு, கருத்தம்மா அழுததை நீ கேட்டாயா, என்னைப்போய் ராசா என்றாளே என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த ஊர் அவரை அப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் புகார் வந்துவிட்டது. ராஜபாளையத்தில் இருந்த தோப்புக்காரர் தன் தலை தப்பினால் போதும் என்று முந்திக்கொண்டார். வேலைக்குச் சம்பந்தமில்லாத பெண்பிள்ளை மோட்டாரை இயக்கியது, உயிரோடிருப்பவரை இறந்ததாக மணி அடித்து வதந்தி பரப்பியது என்று யூனியன் ஆபீசுக்கு எழுதிப் போட்டார். ஒரு புதன்கிழமை அதிகாரி வந்தார். சமுதாயக் கூடத்தில் ஊரைக் கூட்டினார்கள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கொட்டகைக்காகத் தோப்புக்காரர் மேல் தனியாக நடவடிக்கை உண்டு என்று முதலிலேயே சொன்னார். மோட்டார் விஷயத்தை, வீட்டில் இருப்பவர் ஒத்தாசை செய்ததாக எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஆனால் பொய்யாகச் சாவு அறிவித்து ஊரைக் கலவரப்படுத்தியது உண்மை என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, வில்சனை வேலையிலிருந்து எடுக்கத்தான் வேண்டும். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"வில்சன் உயிரோட இருக்கும்போதே இறந்துட்டார்னு மணி அடிச்சது உண்மையா?"

ஏசம்மாள் எழுந்தாள். பொய் சொல்லித் தப்பிக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. "உண்மைதான் சார், நாந்தான்" என்று ஆரம்பித்தாள்.

"இரும்மா," என்று பாண்டிதுரை எழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கியது. பக்கத்தில் வினோத் உட்கார்ந்திருந்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி அவன் கைக்கு வந்துவிடும். எல்லாருக்கும் அது தெரியும்.

"சார், அந்தம்மா பயத்துல எதையாவது சொல்லுது. வில்சன் செத்தது நெசந்தான். குழி வெட்ட ஆள் அனுப்புனதே நாந்தான். வேணும்னா சுடுகாட்டுல போய்ப் பாருங்க, மூடிக் கெடக்கு."

அதிகாரி அவரைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வில்சனைப் பார்த்தார்.

"அப்ப இவரு?"

பாண்டிதுரை இந்த இடம் வரைக்கும் யோசித்து வரவில்லை. கருத்தம்மாள், நாங்கள் எல்லாரும் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனோம் சார், தலைமுழுகினோம் சார் என்றாள். ஆமாம் ஆமாம் என்று கூடம் முழுக்கத் தலை ஆடியது. அதிகாரி வில்சனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து காளீஸ்வரி, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"அவிய வேதக்காரக சார். அவியளுக்கு எந்திரிச்சு வாரது உள்ளதுதான்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. உபதேசியார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. சந்தனம் கூரையைப் பார்த்தார். அதிகாரி தலையைக் குனிந்து எதையோ எழுதுவதுபோல வெகுநேரம் இருந்தார். நிமிர்ந்தபோது பேனாவை மூடியிருந்தார்.

"கால் எப்பச் சரியாகும்?" என்று வில்சனைக் கேட்டார்.

"தை பொறந்துரும் சார்."

"அது வரைக்கும் அம்மா தண்ணி விடட்டும்," என்றார் அதிகாரி.

ஏசம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மணி அடித்த அன்று வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.